இளைஞர்கள் தாமாக எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருவதையும் வராமல் போவதையும் எது தீர்மானிக்கிறது?

இவ்வளவு விழிப்புணர்வு இருந்தும் இருபது வயதுக்காரர்கள் ஏன் தாமாக வந்து பரிசோதனை செய்துகொள்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்து ஜி.எச்.சில், நம்பிக்கை மையத்தில் ஒன்பது வருடம் ஆலோசகராக இருந்தவள். அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு இங்கே அதுதான் பெயர். நான் பார்த்தவரை நோயைப் பற்றிய பயத்தைவிட, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிது. (கீழே வருகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எங்கள் அறை முதலில் புறநோயாளிகள் வரிசைக்கு நேர் எதிரே இருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு ரிப்பன் போட்ட பலகை. பையன்கள் ஒரு தடவை கடந்து போவார்கள். தண்ணீர்த் தொட்டி வரை போய் ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். போனைப் பார்த்தபடி சுவரோரம் நிற்பார்கள். வரிசையில் ஊர்க்காரர் ஒருத்தர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், அன்றைக்கு உள்ளே வரமாட்டார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே மையம் இருக்கும். அங்கே தெரிந்த முகங்களும் இருக்குமே!

அப்புறம் கட்டட வேலை நடந்தபோது எங்களை மாடிக்கு, ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். அங்கே நிற்கிற எல்லாருமே எதற்காவது ரத்தம் கொடுக்க நிற்பவர்கள்தான். சர்க்கரையா, காய்ச்சலா, வேறு எதுவுமா என்று யாருக்கும் தெரியாது. சில மாதத்திலேயே தாமாக வரும் இளைஞர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடினார்கள். புதிதாக ஒரு போஸ்டர்கூட நாங்கள் ஒட்டவில்லை.

அடுத்தது, அவர்கள் காதில் விழும் முதல் வார்த்தை. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ஒருத்தர், "எச்.ஐ.வி. டெஸ்ட்டா? மாடிக்குப் போ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். அந்தத் தம்பி மாடி ஏறவே இல்லை, நேரே வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று மாதம் கழித்து வந்தபோது அவனே இதைச் சொன்னான். அந்த மூன்று மாதமும் அவன் தூங்கியிருக்கமாட்டான்.

நானும் முதல் வருடம் "எதுக்காக டெஸ்ட் எடுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்றுதான் தொடங்குவேன். பயிற்சியில் கற்றுக்கொண்ட கேள்விதான், தவறில்லை. ஆனால் எதிரே இருப்பவனுக்கு அது "என்ன தப்பு பண்ணினே?" என்றுதான் கேட்கிறது. பிறகு மாற்றிக்கொண்டேன். "உட்காருங்க தம்பி. இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. டெஸ்ட் எப்படி எடுப்பாங்கன்னு முதல்ல சொல்றேன்" என்று தொடங்கினால், பத்து நிமிடத்தில் அவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். "ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன்கா" என்று வந்தவர்களும்தான்.

இந்தக் குற்ற உணர்வு எங்கிருந்து வந்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான், 1986இல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளில் அதைக் கண்டார்கள். அன்றிலிருந்தே இது 'அப்படிப்பட்டவர்களுக்கு' வருவது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. பின்னாளில் ஒரு கற்பனை ஆளை வைத்து 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்ட விழிப்புணர்வு விளம்பரம் ஊரெல்லாம் நின்றது. வாய்விட்டுச் சொல்லவே கூசிய விஷயத்தை டீக்கடையில் பேசவைத்தது பெரிய காரியம், மறுக்கமாட்டேன். ஆனால் கல்லூரியில் அந்தப் பெயரே கேலிப்பெயராகவும் ஆனது. பரிசோதனைக்குப் போனால் அந்தப் பெயர் தன்மேல் ஒட்டிவிடும் என்று நினைக்கிறவன் எப்படி வருவான்?

மாறாக, சிகிச்சை பற்றித் தெரிந்தவர்கள் தைரியமாக வந்தார்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை 2004இலிருந்தே அரசு மருத்துவமனைகளில் இலவசம், முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரைதான். அதை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக மற்றவருக்குப் பரவாது. இதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்த பையன்கள் எத்தனையோ பேர். கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக இயங்கும் செஞ்சுருள் சங்கக் கூட்டங்களில் நோயின் பயங்கரத்தைப் பேசியபோது கைதட்டு கிடைத்தது, ஆள் வரவில்லை. மாத்திரை சாப்பிட்டு வாழ்கிற ஒருவரை அழைத்துப்போய்ப் பேசவைத்த வாரம், மூன்று பேர் நான்கு பேராகச் சேர்ந்து வந்தார்கள். அதில் ஒருத்தன் முதலில் கையை நீட்டிவிட்டால் போதும், மற்றவர்களும் நீட்டுவார்கள்.

வெளிநாட்டு வேலையும் சிலரை அழைத்துவரும். வளைகுடா நாடுகளுக்குப் போக மருத்துவப் பரிசோதனை உண்டு, அதில் எச்.ஐ.வி.யும் அடக்கம். ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன் ரகசியமாகத் தெரிந்துகொள்ள வருவார்கள்.

திருமணமாகாத பெண்களைப் பற்றிச் சொல்லத்தான் மனம் கனக்கிறது. கர்ப்பமானால் எல்லாப் பெண்களுக்கும் பரிசோதனை நடக்கிறது, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு பெண் தனியாக எங்கள் வாசலில் நின்றாலே ஊர் கதை கட்டிவிடும். ஒன்பது வருடத்தில் தாமாக வந்த கல்லூரிப் பெண்களை என் விரல்களில் எண்ணிவிடலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். அம்மாவிடம் சொல்ல முடியாததால்தானே எங்களிடம் வருகிறார்கள்?

இன்னொன்று, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மையத்துக்கு வரக் கூச்சப்பட்டு, ரத்த தானம் செய்தால் அவர்களே சோதித்துவிடுவார்கள் என்று முகாமுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகத் தொற்றிய சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அந்த ரத்தம் ஏதோ ஒரு குழந்தைக்குப் போகும்.

உங்களுக்காகவே கேட்டிருந்தால்: கட்டணம் கிடையாது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை மற்றவரிடம் சொல்லவும் கூடாது. 2018 செப்டம்பர் முதல் இதற்கென்றே சட்டம் நடப்பில் இருக்கிறது. தொற்றியிருக்குமோ என்று பயப்படவைக்கும் சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய் 28 நாள் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். நாள் கடந்துவிட்டதென்றால் இப்போது ஒரு தடவை, மூன்று மாதம் முடிந்ததும் ஒரு தடவை எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097க்குக் கூப்பிடுங்கள், இலவசம்தான். ஆஸ்பத்திரியில் யாரிடமும் காரணம் சொல்லவேண்டாம். "நம்பிக்கை மையம் எங்க இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.