பக்கத்துக் கல்லூரியோடு பந்தாட்டம்: வாசகர் கேள்வி – பதில்

அயல் கல்லூரிகள் மோதும் உதைபந்தாட்டம் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலரும் கேட்பது கோல் கணக்கை. அதைச் சொல்ல நாங்கள் துணியவில்லை. ஆட்டம் எங்கே திரும்பும், எதைக் கவனித்துப் பார்க்கலாம் என்பதைச் சொல்கிறோம்.

கேள்வி: எங்கட பெடியள் இந்த வருசம் பயிற்சி ஆட்டங்களில் மூன்று, நான்கு கோல் அடித்து வென்றிருக்கிறார்கள். எதிர்க் கல்லூரி தடுமாறுகிறது. பெரிய வெற்றியை எதிர்பார்க்கலாம்தானே?
– பழைய மாணவர், புதுக்குடியிருப்பு

பதில்: வெற்றியை எதிர்பாருங்கள். நான்கு கோலை எதிர்பார்க்க வேண்டாம்.

அந்தக் கோல்கள் எப்படி விழுந்தன என்று முதலில் யோசித்துப் பாருங்கள். எதிரணி மேலேறி வந்த நேரம், அவர்களின் முதுகுக்குப் பின்னால் கிடந்த வெளியில் நீளப் பந்து போட்டு ஓடி அடித்தவை என்றால், அந்த வெளி இந்த ஆட்டத்தில் கிடைக்காது. தங்கள் பலவீனம் தெரிந்த அணி, பக்கத்துக் கல்லூரியிடம் வாங்கிக்கட்ட விரும்பாது. பின்வரிசையில் நான்கு பேர், அதற்குப் பத்து மீற்றர் முன்னால் இன்னும் நான்கைந்து பேர் என்று பெனால்டிப் பெட்டிக்கு முன்னால் அடைத்து நிற்பார்கள். இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே ரியூசனில் படிப்பவர்கள், பின்னேரத்தில் ஒரே கழகத்தில் பந்தடிப்பவர்கள் என்றால் இன்னும் கஷ்டம். உங்கள் முன்கள வீரர் எந்தக் காலால் திரும்புவார் என்பது அவர்களின் பின்கள வீரருக்கு அத்துபடி.

அடைத்து நிற்பவர்களை நடுவால் உடைப்பது மிகக் கடினம். ஓரத்தால் கோல் கோடு வரை பந்தைக் கொண்டுபோய், அங்கிருந்து பெனால்டிப் புள்ளிப் பக்கம் தரையோடு பின்னோக்கி அனுப்ப வேண்டும். அந்த நேரம் பின்கள வீரர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். பின்னால் வருபவர் அவர்கள் கண்ணில் படமாட்டார். முதல் 20 நிமிடத்தில் உங்கள் அணி இதை இரண்டு மூன்று தடவை செய்தால் நம்பிக்கையோடு இருங்கள். நடுவட்டத்திலிருந்து உயரப் பந்தாகவே போட்டுக்கொண்டிருந்தால், ஒரு கோணர் உதையோ ஒரு ஃப்ரீ கிக்கோதான் முடிவைத் தீர்மானிக்கும். அது எந்தப் பக்கமும் போகலாம்.

கேள்வி: சோளகக் காற்றுக் காலம். நாணயச் சுழற்சியில் வென்றால் காற்றோடு ஆடுவதா, எதிர்த்து ஆடுவதா?
– ஆசிரியர், மல்லாவி

பதில்: இப்போதுள்ள விதிப்படி சுழற்சியில் வென்ற அணி, முதல் பாதியில் எந்தக் கோலைத் தாக்குவது என்பதைத் தெரிவு செய்யலாம், அல்லது முதல் உதையை எடுக்கலாம். ஆட்டம் மூன்று, மூன்றரைக்குத் தொடங்கினால் காற்றோடு தொடங்குவதே எங்கள் தெரிவு. உள்நாட்டு மைதானங்களில் வெயில் தாழத் தாழக் காற்றும் பெரும்பாலும் தணியும். இரண்டாம் பாதிக்கு என்று சேமித்து வைத்த காற்று அப்போது இல்லாமல் போகலாம்.

காற்று முதுகில் இருக்கும்போது வழமையாக நடக்கும் பிழை, நீளப் பந்து. முன்கள வீரர் எட்ட முதலே அது கோட்டைத் தாண்டிவிடும். காலடிக்குத்தான் பந்து கொடுக்க வேண்டும்; கோலுக்கு அடிப்பதைத் தாழ்வாக அடிக்க வேண்டும். காற்றுக்கு எதிராக ஆடும் அணியில் முதலில் கோல் காப்பாளரைக் கவனியுங்கள். உயர உதைத்தால் பந்து மேலே நின்று, சில வேளை அவர் பக்கமே திரும்பி விழும். கோல் கிக்கைப் பெட்டிக்குள் நிற்கும் தன் அணி வீரருக்கே கொடுக்க 2019 முதல் விதி இடம் தருகிறது. அதைப் பழகியிருக்கிறார்களா என்பது முதல் இரண்டு கோல் கிக்கிலேயே தெரிந்துவிடும். காப்பாளர் பந்தைக் கையில் வைத்துக் காற்றுத் தணியட்டும் என்று நிற்கவும் முடியாது. 2025இல் வந்த விதிமாற்றப்படி எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர் உதை.

மேற்கைப் பார்த்து நிற்கும் காப்பாளருக்குப் பின்னேர வெயில் கண்ணில் அடிக்கும். தொப்பி போட அவருக்கு விதி அனுமதிக்கிறது. பையில் ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: மகன் அணியில் இருக்கிறான். ஆட்டத்துக்கென்று புது பூட்ஸ் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?
– தாய், முல்லைத்தீவு

பதில்: வாங்கலாம் அம்மா, ஆனால் இப்போதே. ஆட்டத்தன்று முதன்முதலாகப் போட்டால் குதிக்காலில் கொப்புளம் நிச்சயம். பத்து நாளாவது பயிற்சியில் போட்டுப் பழகட்டும்.

காய்ந்த கிறவல் தரைக்கு ஆறு நீளக் குமிழ் வைத்த பூட்ஸ் சரிவராது. குமிழ் தரைக்குள் இறங்காமல் உள்ளங்காலில் குத்தும், திரும்பும்போது வழுக்கும். கட்டையான ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ளதைப் பாருங்கள். மாலையில், விளையாடும் காலுறையோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் அகலம் இருந்தால் போதும்.

முழங்காலுக்குக் கீழே போடும் தடுப்பான் இல்லாமல் நடுவர் இறங்க விடமாட்டார். கோயில் நூல், காப்பு, சிலுவைச் சங்கிலி, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மேலே பிளாஸ்டர் ஒட்டி மறைப்பதையும் விதி ஏற்பதில்லை. மைதானத்தில் வைத்து நூலை அறுக்கச் சொன்னால் பிள்ளையின் மனம் குழம்பும். வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: சமநிலையில் முடிந்தால் நேராகப் பெனால்டியா?
– மாணவன், கிளிநொச்சி

பதில்: மேலதிக நேரம் உண்டா இல்லையா என்பது போட்டி நடத்துபவர்களின் முடிவு, பாதி எத்தனை நிமிடம் என்பதும் பாடசாலை ஆட்டங்களில் மாறும். இரண்டையும் முன்னரே கேட்டு வையுங்கள். பெனால்டி என்றால் அணிக்கு ஐந்து உதை, அதன் பிறகு ஒவ்வொன்றாக. ஆட்டம் முடியும்போது களத்தில் இருந்தவர்கள்தான் உதைக்கலாம். ஆகவே நல்ல பெனால்டி உதைப்பவரைக் கடைசிப் பத்து நிமிடத்தில் வெளியே எடுக்கும் பயிற்றுநர் சமநிலையை நினைக்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: மகள் அமெரிக்காவில் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மிச்சிகனோடு வரும் ஆட்டத்தைப் பாருங்கள் அப்பா என்கிறாள். அதுவும் இதே உதைபந்தாட்டமா?
– தந்தை, பரந்தன்

பதில்: இல்லை. அது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். நான்கு முயற்சிக்குள் 10 யார் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி கிடைக்கும். எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோனால் 6 புள்ளி, அதன் பின் உதைக்கும் உதைக்கு 1, களத்திலிருந்து கம்பங்களுக்கிடையே உதைத்தால் 3. கால் மணி வீதம் நான்கு பகுதி என்றாலும் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். வழமையாக நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. அங்கே நண்பகல் 12 என்றால் எங்களுக்கு இரவு 10.30. மாரி மழையும் மின்வெட்டும் உள்ள காலம், கைபேசியைப் பின்னேரமே சார்ஜ் போட்டு வையுங்கள்.

இந்த இரு பல்கலைக்கழகங்களும் முதலில் மோதியது 1897இல். எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் பொய்க்கும் என்பதற்கு 2024 ஆட்டத்தை மகளிடம் கேளுங்கள். ஓஹியோ ஸ்டேட் சொந்த மைதானத்தில் மிகவும் பலமான அணியாக இறங்கி 10–13 என்று தோற்றது. மிச்சிகனின் பலமே நடுவில் நின்ற பாரிய தடுப்பு வீரர்கள். அவர்களை நோக்கியே ஓஹியோ ஸ்டேட் வீரர்கள் திரும்பத் திரும்ப ஓடினார்கள். கம்பங்களுக்கிடையே உதைத்த இரண்டு உதைகளும் அவர்களுக்குத் தவறின. புதுக்குடியிருப்பு வாசகருக்கு மேலே சொன்னது அங்கேயும் நடந்தது. தோற்ற அதே ஓஹியோ ஸ்டேட் இரண்டு மாதம் கழியுமுன் தேசிய சம்பியன் ஆனது. 2025இல் மிச்சிகனின் மைதானத்துக்கே போய் 27–9 என்று வென்றது.

கேள்வி: கோட்டோரம் நின்று உற்சாகப்படுத்துவோம். நடுவர் எங்களை விலகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். என்ன பிழை?
– ரசிகர்கள், மாங்குளம்

பதில்: உதவி நடுவர் கொடியோடு ஓடும் பாதையில் நிற்கிறீர்கள். கோட்டிலிருந்து மூன்று மீற்றர் தள்ளிக் கயிறு கட்டி, அதற்கு வெளியே நில்லுங்கள். இல்லாவிட்டால் அவரால் கடைசிப் பின்கள வீரருக்கு நேரே நிற்க முடியாது, ஓஃப்சைட் முடிவு பிழைக்கும். அதன் பிறகு கத்துவதும் நீங்கள்தான்.

மேளம் அடியுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விசில் மட்டும் கொண்டுவர வேண்டாம். கூட்டத்தில் யாரோ ஊதிய விசிலைக் கேட்டு வீரர்கள் நின்று ஆட்டம் குழம்பினால், நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கையிலிருந்து தரையில் விழவிட்டுத்தான் மீண்டும் தொடங்குவார். உங்கள் வீரர் தனியாகக் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த வாய்ப்புப் போனது போனதுதான்.