எல்லாம் கொக்குதானா? பறவை, செடி பதிவு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (மன்னார்குடி வாசகர்): சேற்றுழவின்போது எங்கள் வயலில் கூட்டம் கூட்டமாகக் கொக்கு இறங்குகிறது. பறவைப் பதிவுச் செயலியான ஈபேர்டில் பதியப் போனால், எந்தக் கொக்கு என்று கேட்கிறது. எண்ணி முடிப்பதற்குள் பறந்தும் விடுகின்றன. என்ன செய்வது?

பதில்: முதலில் அலகையும் காலையும் பாருங்கள். அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கையில் பாதம் தெரியாது. எழும்பும்போது பளிச்சென்று தெரியும். குட்டை மஞ்சள் அலகோடு மாட்டையும் டிராக்டரையும் ஒட்டியே நடப்பது உண்ணிக்கொக்கு. மீதி இரண்டு வெள்ளைக் கொக்குகளுக்கும் வாய்க்கோடுதான் (அலகு பிளக்கும் இடத்திலிருந்து கண் பக்கம் போகும் கோடு) அடையாளம்: கண்ணுக்குக் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னே ஓடினால் பெரிய கொக்கு. வரப்போரம் மண் நிறத்தில் அசையாமல் இருந்து, பறக்கும்போது மட்டும் இறக்கை வெள்ளையாகத் தெரிவது மடையான்.

தெளியவில்லை என்றால் பெயரை ஊகிக்க வேண்டாம். 'வெள்ளைக் கொக்கு, இனம் தெரியவில்லை' என்று பதியவும் செயலியில் இடம் உண்டு. தவறான பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

டிராக்டர் திரும்பும் முனையில் கூட்டம் மொத்தமாக எழுந்து பின்னால் போய் இறங்கும். ஒரே பறவையை இரண்டு முறை எண்ணுவது அங்கேதான். அதனால் வண்டி ஒரு சால் ஓட்டி முடிப்பதற்குள் எண்ணிவிடுங்கள். பத்துக் கொக்கை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து தேறும் என்று பாருங்கள். எண்ணாமல், பறவை இருந்தது என்று மட்டும் சொல்லும் 'எக்ஸ்' குறி போடுவதைவிட, ஏறத்தாழ 120 என்று போடுவது பயன்படும்.

காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். குறைந்தது 15 நிமிடம் நில்லுங்கள். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தால்தான் அது முழுப் பட்டியல். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் இதுவே முறை. முழுப் பட்டியலில் சிட்டுக்குருவி இல்லையென்றால், அந்த நேரத்தில் அது கண்ணில் படவில்லை என்று பொருள். அரைகுறைப் பட்டியலில் இல்லையென்றால் ஒன்றும் சொல்ல முடியாது. அதே வரப்பில் வாரம் ஒருமுறை நின்றால், தண்ணீர் வந்ததும் வயல் காய்ந்ததும் பறவைக் கணக்கிலேயே தெரியும்.

கேள்வி (திருவையாறு வாசகி): படம் ஏற்றினால் மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் வாய்க்கால் கரைச் செடிகளின் படங்கள் 40 ஏற்றினேன். மூன்றுக்குத்தான் பெயர் வந்தது. ஏன்?

பதில்: பூவை மட்டும் நெருங்கி எடுத்திருப்பீர்கள். ஒரு மஞ்சள் பூவை வைத்துச் செடிக்குப் பெயர் சொல்ல யாராலும் முடியாது. முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், இலை தண்டோடு சேரும் இடம், பூவின் முன்பக்கமும் பக்கவாட்டும், காய் இருந்தால் காய் என்று எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பதிவில் சேருங்கள். தனித்தனிப் பதிவாகப் போட்டால் ஒரே செடி ஐந்து செடியாகிவிடும். கோரையில் கதிர் இல்லாத படம் வீண். தண்டை விரலால் உருட்டி, மூன்று பட்டையா உருண்டையா என்று குறிப்பில் எழுதுங்கள்.

இன்னொரு காரணம் வாட்ஸ்அப். அதில் படமாக அனுப்பினால் எடுத்த இடமும் தேதியும் படத்திலிருந்து கழன்றுவிடும். எடுத்த போனிலிருந்தே நேராக ஏற்றுங்கள். வயலில் சிக்னல் இல்லாவிட்டாலும் போனில் இருப்பிடத்தை இயக்கி வைத்துப் படம் எடுத்தால் போதும், வீட்டுக்கு வந்து ஏற்றலாம். கொல்லையில் நட்ட செம்பருத்திக்கு 'வளர்க்கப்பட்டது' என்று குறியுங்கள். இல்லாவிட்டால் அது தானாக முளைத்த செடிகளின் கணக்கில் சேர்ந்துவிடும்.

கேள்வி (வடுவூர் வாசகர்): ஏரியில் கூடு கண்டால் படம் போடலாமா?

பதில்: கூட்டருகே போகவே வேண்டாம். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காகம் தூக்கும். கரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்துப் பதியுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் போடுவதானால் இருப்பிடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் இடத்தின் பெயரோடு பகிராதீர்கள்.