பழைய அம்பாசடரில் டிக் டிக் சத்தம்: டேப்பட் செட் பண்ணுவதா, கெட்டி ஆயில் ஊற்றுவதா?

கேள்வியில் இருப்பது இதுதான்: அப்பாவின் 1986 மாடல் பெட்ரோல் அம்பாசடர், ஐடிலில் நிற்கும்போது எஞ்சினின் மேல் மூடியான ராக்கர் கவர் பக்கமிருந்து டிக் டிக்கென்று சத்தம் வருகிறது, ஒரு மெக்கானிக் டேப்பட் செட் பண்ண (அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய) சொல்கிறார், இன்னொருவர் கெட்டியான ஆயில் ஊற்றினால் தானாக அடங்கிவிடும் என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது?

முதலாமவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவரிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: சத்தமே வராதபடி இறுக்கி வைக்கக் கூடாது, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்துதான் வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த எஞ்சின்களில் வால்வு எரிந்துபோவதற்கு, காதால் கேட்டு டேப்பட் வைக்கும் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின். வால்வுகளைத் திறக்க வைக்கும் சுழல் தண்டான கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது, அங்கிருந்து டேப்பட், புஷ் ராட், ராக்கர் வழியாக மேலே ஹெட்டில் இருக்கும் வால்வுக்கு அழுத்தம் போகிறது. எஞ்சின் சூடாகும்போது இந்தப் பாகங்களும் ஹெட்டும் பிளாக்கும் வெவ்வேறு அளவில் நீளும் என்பதால், ராக்கர் முனைக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த எஞ்சினுக்கு அது 0.015 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 0.38 மி.மீ. அதைச் சூடான எஞ்சினில் பார்ப்பதா, ஆறிய எஞ்சினில் பார்ப்பதா என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நிலையில் மட்டும் அளந்து பாருங்கள்.

இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், பிக்கப் லேசாகக் குறையும், ராக்கர் முனையும் அடிவாங்கும். அதோடு சரி, உடனே பெரிய சேதம் வந்துவிடாது. குறைந்தால்தான் ஆபத்து. எரிந்த புகையை வெளியே விடும் எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டில் (ஹெட்டில் அது பொருந்தி உட்காரும் விளிம்பில்) உட்கார்ந்துதான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி இல்லாமல் போனால் அது முழுசாக உட்காராது, சூடு இறங்காது, அந்தச் சின்னச் சந்தில் எரியும் வாயு பீறிட்டு விளிம்பைத் தின்றுவிடும். இதெல்லாம் சத்தமே இல்லாமல் நடக்கும். அதனால் சத்தம் போடுகிற டேப்பட்டைவிட, போன வருஷம் வரை சத்தம் போட்டுவிட்டு இப்போது தானாக அமைதியாகிவிட்ட டேப்பட்டுக்குத்தான் நான் பயப்படுவேன்.

தானாக எப்படி அமைதியாகும் என்று கேட்கலாம். சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஏறும், ராக்கருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. 2000 பிப்ரவரியோடு இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வடிவமைப்பில் வந்த ஹெட்டில் கடின உலோகச் சீட் போடாமல் இருந்தால், முக்கியமாக நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால், சீட் மெல்லத் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் ஏறிக்கொண்டே போகும். எல்பிஜி கிட் போட்ட வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். உங்கள் வண்டியில் கிட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் டேப்பட்டை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அந்தச் சத்தம் டேப்பட்தானா என்று உறுதி செய்யுங்கள். எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் லீக் ஆனாலும் அதே மாதிரி டிக் டிக் வரும், ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் குறையும். டேப்பட் அப்படிக் குறையாது. ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டு, ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு ஒன்றை ஒவ்வொரு ராக்கர் முனையிலும் செருகிப் பாருங்கள். எந்த ராக்கரில் செருகும்போது சத்தம் சட்டென்று நிற்கிறதோ அதுதான் ஆள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு செய்யுங்கள், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.

அளப்பதற்கு எஞ்சினை நிறுத்திவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றிவிடுங்கள், அப்போது ஹேண்டில் (வண்டியின் முன்னால் செருகும் கம்பி) போட்டு எஞ்சினைச் சுற்றுவது சுலபம். ஹேண்டில் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னே தள்ளினாலும் எஞ்சின் சுற்றும். ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினுக்கு ஒன்பது கணக்கு என்று ஒரு வழி உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது இது: எட்டாவது வால்வு முழுசாக அழுந்தித் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை, நாலாவது திறந்திருந்தால் ஐந்தாவதை, ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. எப்போதும் இரண்டையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். டைமிங் மார்க் எதையும் தேட வேண்டியதில்லை. 1, 4, 5, 8 எக்சாஸ்ட், மற்ற நாலும் இன்லெட்.

லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூடிரைவரால் திருகைத் திருப்பி, கேஜ் லேசான பிடிப்போடு நழுவும்படி வையுங்கள். அப்புறம் திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போது திருகும் கொஞ்சம் கூடவே திரும்பி இடைவெளி குறைந்துவிடும். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். நட்டுகள் அங்குல அளவு, மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு முனையை மழுக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பழைய ராக்கரின் முனையில், வால்வு தண்டு இடித்து இடித்து ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் அதன் விளிம்பு தட்டும். ஃபீலர் கேஜ் தட்டையான தகடு அல்லவா, அது குழிக்குள் இறங்காமல் விளிம்புகளின் மேல் பாலம் போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். கேஜ் 0.015 என்று காட்டும், நிஜத்தில் குழியின் ஆழமும் சேர்ந்து இடைவெளி அதிகமாக இருக்கும். எத்தனை முறை வைத்தாலும் சத்தம் போகவில்லை என்று புலம்புகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் இதுதான் கதை. அப்போது கேஜ் சொல்வதைத் தாண்டி இறுக்காதீர்கள், ராக்கரை மாற்றுங்கள் அல்லது தேர்ந்த கையில் கொடுத்து முனையைச் சரியான வளைவில் தேய்த்து வாங்குங்கள். ராக்கர் ஷாஃப்ட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் அதுவும் சத்தம் போடும்.

கவரைத் திரும்ப மூடும்போது கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். மேலே இருக்கும் இரண்டு நட்டையும் முரட்டுத்தனமாக இறுக்கினால் தகடு வளைந்து ஆயில் கசியும்.

இனி ஆயில். இரண்டாவது மெக்கானிக் சொன்னது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன், கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும். ஆனால் இடைவெளி அப்படியேதான் இருக்கும். அளவுக்கு மீறிக் கெட்டியானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ராக்கர் வரை ஏற நேரமாகும், அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம்.

இந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 நல்ல தேர்வு. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்கிறது, 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள். நம் ஊரில் அந்தக் குளிர் கிடையாது, அதனால் 5டபிள்யூ, 0டபிள்யூ என்று தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம். பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி சூட்டில் உள்ள பிசுபிசுப்பு. வயசான, பேரிங் கொஞ்சம் தேய்ந்த எஞ்சினில் வெயில் காலத்தில் ஆயில் பிரஷர் நிற்க 50 உதவும்.

ஆனால் பிசுபிசுப்பை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. இந்த எஞ்சினில் கேமும் டேப்பட்டும் உருளை இல்லாமல் நேரடியாக உரசுகின்றன. அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் வேண்டும். பாஸ்பரஸ் புது கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் எஸ்எம், எஸ்என் என்ற ஆயில் தரங்களில் அதற்கு 0.08 சதவீதம் என்று மேல்வரம்பு வைத்தார்கள். அந்த மேல்வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளுக்குத்தான், 20டபிள்யூ-50க்கு இல்லை. ஆக, புது காருக்கு வாங்கிய விலை உயர்ந்த சிந்தெடிக் 0டபிள்யூ-20 மீதி இருக்கிறதே என்று இதில் ஊற்றாதீர்கள். லாரிக்குப் போடும் 15டபிள்யூ-40 சிஐ-4 (டீசல் எஞ்சினுக்கான ஏபிஐ தரம்) ஆயிலும் இதற்கு ஒத்துவரும், ஆயில் அதிகம் குடிக்காத எஞ்சினாக இருந்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், நின்றே கிடக்கும் எஞ்சினில் ஈரம் சேர்ந்து ஆயில் கெடும்.

இதையெல்லாம் அப்படியே புது வண்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். உதாரணத்துக்கு, பழைய ஸ்விஃப்ட் டீசலில் இருந்த 1.3 லிட்டர் எஞ்சினில் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர், ஆயில் பிரஷரே இடைவெளியை எடுத்துவிடும். அங்கே டிக் டிக் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆயிலைத்தான்.

உங்கள் வண்டிக்கு: அட்ஜஸ்ட் செய்வதற்கு முன்னால் எட்டு வால்வின் இடைவெளியையும் அளந்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த முறையும் அப்படியே. ஒரே எக்சாஸ்ட் வால்வு ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டே வந்தால், அதைத் தளர்த்தி வைத்துக் காலம் தள்ளாமல் ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து, கடினமான சீட் போட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் சைலன்சர் வாயில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். ஐடிலில் அது வெளியே மட்டும் படபடக்க வேண்டும், நடுநடுவே உள்ளே இழுத்தால் எக்சாஸ்ட் வால்வு ஏற்கெனவே எரியத் தொடங்கியிருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிடும்.