சாய்ந்த முளைப்பாரி

கேள்வி: மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக வீட்டு இருட்டறையில் முளைப்பாரி போட்டிருக்கிறோம். ஐந்தாம் நாள் பார்த்தால், ஜன்னலோரச் சட்டியில் மட்டும் பயிர் முழுவதும் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஏதோ குற்றம் நேர்ந்துவிட்டது என்று மாமியார் அழுகிறார். பயிர் ஏன் இப்படிச் சாய்கிறது?
– வாசகி, பரமக்குடி

பதில்: உங்கள் மாமியாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்: எந்தக் குற்றமும் நேரவில்லை. ஜன்னல் கதவில் எங்கோ ஓர் இடுக்கு இருக்கிறது. நடுப்பகலில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சற்று நேரம் நில்லுங்கள். கண் பழகியதும் ஒளிக்கீற்று தெரியும். உங்களுக்கு முன்பே பயிர் அதைக் கண்டுகொண்டது.

வெளிச்சம் செடியை இழுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேலை நடப்பதோ நிழல் பக்கத்தில். முளையில் நீல ஒளியை உணரும் புரதம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஒளி பட்டால், ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் மறுபக்கம் கூடுதலாகச் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மற்றது நீளாவிட்டால் தண்டு வளையத்தானே வேண்டும்?

புல் முளையில் ஒளியை உணர்வது நுனி என்று 1880-இல் எழுதியவர்கள் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும். பள்ளியில் தாவரவியல் நடத்திய காலத்தில், அவர்கள் செய்த சோதனையை நான் கோதுமையில் செய்து காட்டுவேன். கொட்டாங்கச்சியில் விதைப்போம். முதல் இலை வெளிவருமுன், முளை ஊசிபோல் நிற்கும்போதே, சாக்லேட் சுற்றிய ஜரிகைத் தாளில் குட்டிக் குல்லாய் செய்து சில முளைகளுக்கு மாட்டுவோம். பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து மறுநாள் திறந்தால், குல்லாய் போட்டவை நேராக நிற்கும். மற்றவை ஓட்டையை நோக்கி வளைந்திருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்! வளைவதோ நுனிக்குக் கீழே. அப்படியானால் நுனி கண்டதைக் கீழே சொன்னது எது? அதற்கு விடை 1926-இல்தான் வந்தது. நெதர்லாந்தில் பிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி, அகர் கூழ்க்கட்டியின்மேல் வைத்தார். பிறகு அந்தக் கட்டியை மட்டும் எடுத்து, நுனியிழந்த முளையின் ஒரு பக்கத்தில் இருட்டிலேயே வைத்தார். முளை மறுபக்கம் வளைந்தது. கூழுக்குள் இறங்கியிருந்தது ஆக்சின்தான்.

விதைக்குள் இருப்பது சில நாள் சாப்பாடு. அது தீருவதற்குள் வெளிச்சத்தை எட்டாவிட்டால் பயிர் பட்டுப்போகும். அதனால்தான் இருட்டில் முளைத்தது பச்சையம் உண்டாக்காமல், கைச்சரக்கு முழுவதையும் உயரத்துக்கே செலவழிக்கிறது. முளைப்பாரி வெளிர்மஞ்சளாக, நெடுநெடுவென்று வளர்வது அப்படித்தான். அந்த நிலையில் மெல்லிய ஒரு கீற்றைக்கூட அது விடாது.

இடுக்கைச் சாக்கால் அடைத்துவிடுங்கள். முழு இருட்டில் புவியீர்ப்பை உணர்ந்து பயிர் மேல்நோக்கி நிமிரும். அடியில் சிறு வளைவு தங்கலாம்; அடர்ந்த பயிரில் அது வெளியே தெரியாது.