டீபக்கரே நின்றுபோனால்?

கேள்வி: சி++ நிரலை ஜிடிபி (GDB) என்ற டீபக்கரில், அதாவது நிரலின் பிழைகளைத் தேட உதவும் கருவியில், ஆராயும்போது, ‘இன்டர்னல்-எரர்… அசெர்ஷன் ஃபெயில்டு’ என்று ஜிடிபியே நின்றுவிடுகிறது. ஜிடிபியின் மூலநிரலில் அந்த அசெர்ட் வரியை (ஒரு நிபந்தனையைச் சோதித்து, பொய்யானால் நிறுத்தும் வரி) எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த வரி தவறைச் செய்யவில்லை, காட்டிக்கொடுக்கிறது. எடுத்தால் ஜிடிபி தப்பான மதிப்பையும் கூசாமல் காட்டும்.

முதலில் புதிய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள், ஏற்கெனவே சரிசெய்திருக்கலாம். இல்லையென்றால் ‘-ஜி3 -ஓ0’ (-g3 -O0: முழு டீபக் தகவலோடு, ஆப்டிமைசேஷன் இல்லாமல்) கொடுத்து ஜிடிபியை நீங்களே பில்டு செய்யுங்கள். இவற்றைச் சிஃபிளாக்ஸில் (CFLAGS, சி கம்பைலருக்கான அமைப்பு) மட்டும் போட்டால் பயனில்லை. ஜிடிபி எழுதப்பட்டிருப்பது சி++-இல். சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸிலும் (CXXFLAGS, சி++ கம்பைலருக்கானது) போட வேண்டும். பலர் சறுக்கும் இடம் இது.

பிறகு அந்த ஜிடிபியை இன்னொரு ஜிடிபிக்குள் ஓட்டி, ‘இன்டர்னல்_எரர்_லாக்’ (internal_error_loc) ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் (ஓட்டம் நிற்க வேண்டிய இடம்) வையுங்கள் (13-க்கு முந்தைய பதிப்புகளில் ‘இன்டர்னல்_எரர்’). நின்றதும் ‘பிடி’ (bt, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் கட்டளை) கொடுத்து, நிபந்தனையைப் பொய்யாக்கிய மதிப்பு எங்கிருந்து வந்தது என்று மேல்நோக்கித் தேடுங்கள்.

கம்பைலர் எழுதிய கோளாறான டுவார்ஃப் (DWARF, டீபக்கருக்கான விவரம்) தகவலிலிருந்து வந்திருந்தால், அங்கே அசெர்ட் இருப்பதே பிழை. வெளியிலிருந்து வரும் தரவைச் சோதித்து ‘எரர்’ அழைப்பால் கட்டளையை மட்டும் கைவிட வேண்டும். ஜிடிபியின் சொந்தக் கணக்கு பிசகியிருந்தால், பிசகிய இடத்தைத் திருத்துங்கள், அசெர்ட் அப்படியே இருக்கட்டும். திருத்தத்தோடு பிழையை மீண்டும் வரவழைக்கும் சிறு ‘.எக்ஸ்ப்’ (.exp, ஜிடிபியின் சோதனைக் கோப்பு) சோதனையும் சேர்த்து ஜிடிபி குழுவுக்கு அனுப்புங்கள்.