எலியும் இடுப்பு மூட்டும்: இந்த வாட்டி வந்த கேள்விங்க

கே: எங்க எலி நாக்அவுட்ல (ஒரு ஜீன எடுத்த எலி) ஹோமோசைகஸ் குட்டி, அதாவது அந்த ஜீனோட ரெண்டு நகலும் போனது, ஒண்ணுகூட பொறக்கல. லீத்தல், அதாவது ஜீன் இல்லன்னா கரு செத்துடும்னு எழுதிடலாமா சார்?

எலியா, சுண்டெலியா? ரெண்டும் வேற பிராணி, எத்தனை தடவ சொல்றது. எத்தனை குட்டி பாத்தீங்கன்னும் எழுதல. ஹெட்டுக்கு ஹெட் (ஒரு நகல் மட்டும் போனது) போட்டா நாலுல ஒண்ணு வரணும், ஆனா எட்டே குட்டி பாத்திருந்தா சும்மா அதிர்ஷ்டத்துலயே ஒண்ணும் வராம போக பத்துல ஒரு வாய்ப்பு இருக்கு. முப்பது தாண்டுங்க, அப்பவும் இல்லன்னா 13வது நாள் கர்ப்பத்துல ஹோமோசைகஸ் கரு இருக்கான்னு பாருங்க, அப்புறம் பேசலாம்.

கே: காலையில பெண் சுண்டெலிக்கு பிளக் (சேர்ந்தப்புறம் பிறப்புறுப்புல உறையுற அடைப்பு) இருந்துச்சு, மூணு வாரம் ஆச்சு, குட்டி இல்லையே?

பிளக்னா சேர்ந்துச்சுன்னு அர்த்தம். கர்ப்பம்னு யார் சொன்னா?

கே: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாத்தி 12 வருஷம், இப்ப வலி, எக்ஸ்ரேல லூஸ்னு சொல்றாங்க. ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சுடலாமா?

வேணாம். மூட்டு நீர் எடுத்து கல்ச்சருக்கு (கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்) அனுப்புறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டா கிருமி இருந்தாலும் வளராம போகலாம், ரிப்போர்ட் சுத்தமா வந்துடும், ஏமாந்து போவீங்க. (காய்ச்சல், நடுக்கம் இருந்தா உடனே ஆஸ்பத்திரி, அது வேற கணக்கு.) இத்தனை வருஷம் கழிச்சு லூஸ் ஆகுறதுல பாதிக்கு மேல கப் (செயற்கை மூட்டோட கிண்ணம்) பிளாஸ்டிக் தேய்ஞ்சு வர்ற தூள்தான் காரணம், மேக்ரோஃபேஜ்ங்கற குப்பை முழுங்குற செல் அத முழுங்கிட்டு கத்தும், எலும்பு தின்னுற செல்ல கூப்பிடுற ராங்க்எல்ங்கற புரதம் ஏறும், ஆஸ்டியோகிளாஸ்ட்ங்கற அந்த செல் வந்து எலும்ப தின்னும். ஆனாலும் இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு முதல்ல உறுதி பண்ணணும்.

கே: அப்ப ராங்க்எல் ஜீனையே அடைச்சிட்டா?

சுண்டெலில எடுத்துப் பாத்தாச்சு. எலும்பு கல்லாட்டம் இறுகிடும், பல்லு வெளியே வராது, தாய்க்கு பால் சுரப்பியும் சரியா வளராது. ராங்க்எல்ல அடைக்கிற ஆன்டிபாடி மருந்து இருக்கு, எலும்புத் தேய்மானத்துக்குத் தர்றாங்க, ஆனா கழண்ட கப்ப அது திரும்ப ஒட்டாது.

கே: சுண்டெலி மண்டையோட்டு மேல டைட்டேனியம் தூள் போட்டு ஆஸ்டியோலைசிஸ் (எலும்பு கரையுறது) பண்றோம். பெண்ணுக்கு ஹார்மோன் சைக்கிள் இருக்கு, டேட்டா ஆடும்னு கைடு ஆண மட்டும் எடுக்கச் சொல்லிட்டார். சரியா?

இத கேட்டாலே எனக்கு ஏறும். அந்த சைக்கிள் நாலஞ்சு நாள்தான், அதுக்கு பயந்து பாதி உலகத்தையே விட்டுடுறதா? 2014ல பிரெண்டர்காஸ்ட்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு கிட்டத்தட்ட 300 பேப்பர அலசிப் பாத்தாங்க, சைக்கிள் பாக்காமலே எடுத்த பெண் சுண்டெலி ஆண விட அதிகமா ஆடல, சிலதுல ஆணுங்கதான் அதிகம் ஆடுச்சு. ஆடாம என்ன பண்ணும், ஒரே கூண்டுல நாலு ஆண போட்டா சண்ட, ஒருத்தன் ராஜா, மத்தவன் வால்ல கடி, டெஸ்டோஸ்டிரோன் ஆளாளுக்கு ஒரு அளவு, அதெல்லாம் எலும்புலயும் தெரியும். இன்னொண்ணு, இடுப்பு மூட்டு மாத்திக்கிறவங்கள்ல பெண்கள்தான் அதிகம், அவங்கள்ல பெரும்பாலானவங்க மாதவிடாய் நின்னவங்க, ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா ராங்க்எல் ஏறும், அதாவது நீங்க தேடுற விஷயமே அங்கதான் இருக்கு! ஓவரி எடுத்த பெண் சுண்டெலி ஒரு குரூப் வையுங்க. அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு என்ஐஎச் 2016லயே ஆண், பெண் ரெண்டையும் பாருங்க, இல்லன்னா காரணம் சொல்லுங்கன்னுடுச்சு. "கைடு சொன்னார்"ங்கறது காரணம் இல்ல தம்பி. அப்புறம் வழக்கமா சொல்றதுதான், கன்ட்ரோல் (ஒப்பிடுற சுண்டெலி) கூடப் பிறந்த குட்டியா இருக்கட்டும், ஸ்ட்ரெயின் (சுண்டெலி வம்சம்) பேர முழுசா எழுதுங்க, ஒரே வம்சத்துலயே சிக்ஸ்ஜே கிளை வேற, சிக்ஸ்என் கிளை வேற.

கே: எனக்கு மெட்டல்-ஆன்-மெட்டல் மூட்டு (பந்தும் கிண்ணமும் உலோகம்). அதுல தேய்ஞ்சு வர்ற கோபால்ட் விந்தணுவ கெடுக்கும்னு படிச்சேன்.

குடிதண்ணில கோபால்ட் கலந்து குடுத்த ஆண் சுண்டெலிக்கு கெட்டுச்சு, உண்மைதான், ஆனா அந்த டோஸ் எங்க, உங்க ரத்தம் எங்க. ரத்தத்துல லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் தாண்டினா கவனிக்கணும்னு பிரிட்டன்ல ஒரு அளவு வெச்சாங்க, உங்களது எவ்வளவு? டெஸ்ட் பண்ணாம கவலைப்பட்டு என்ன பிரயோஜனம், பண்ணிட்டு சர்ஜன பாருங்க.

கே: ஆபரேஷன் ஆகி ஒரு மாசம். கால் மேல கால் போடலாமா?

ஆபரேஷன்ல இடுப்ப பின்பக்கமா திறந்திருந்தா இப்போதைக்கு வேணாம், மூட்டு நழுவுறது பெரும்பாலும் முதல் மூணு மாசத்துலதான். எந்தப் பக்கம் திறந்தாங்கன்னு நீங்க எழுதவே இல்ல.