போதைக் கும்பலை மக்களே ஆயுதம் எடுத்து விரட்ட முடியுமா?

முடியும், ஒரு வருடத்துக்கு. அதற்கப்புறம்தான் சிக்கல்.

மெக்சிகோ எல்லைப் பக்கம் துப்பாக்கி தூக்கிய பொதுமக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அரிசோனா பாலைவனத்தில் தாமாகவே ரோந்து போகும் அமெரிக்கர்கள் வேறு ரகம், அவர்களை விடுங்கள். நான் சொல்ல வருவது மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலம். எல்லைக்கு வெகு தூரம், பசிபிக் கரை. எலுமிச்சையும் அவகாடோவும் விளையும் ஊர். அங்கே 'டெம்ப்ளர் வீரர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்ட கும்பல் விவசாயிகளிடம் மாமூல் வசூலித்தது. எலுமிச்சையை எந்த நாளில் பறிக்கலாம் என்பதுகூட அவர்கள் உத்தரவுதான்.

2013 பிப்ரவரி 24-இல் ஊர் பொங்கி எழுந்தது. லா ருவானாவில் எலுமிச்சை விவசாயி இப்போலிட்டோ மோரா, பக்கத்து ஊரில் டாக்டர் மிரேலெஸ், இருவரும் ஆயுதம் தூக்கிய ஊர்க் காவல் குழுக்களுக்குத் தலைமை தாங்கினார்கள். ஒரே வருடத்தில் பல ஊர்களிலிருந்து கும்பலை விரட்டிவிட்டார்கள். ஆனால் குழு பெருகப் பெருக, நேற்றுவரை கும்பலில் இருந்தவனும் சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். அவர்களுக்கு ஊரில் ஒரு பெயரே இருந்தது: மன்னிக்கப்பட்டவர்கள். 2014 மே மாதம் அரசாங்கம் சீருடை கொடுத்து இவர்களைக் கிராமப் போலீஸ் ஆக்கியது. சேர மறுத்த மிரேலெஸ் அடுத்த மாதமே ஆயுத வழக்கில் உள்ளே போனார். அந்த டிசம்பரில் லா ருவானாவில் நடந்த சண்டை கும்பலோடு அல்ல, இரண்டு காவல் குழுக்களுக்குள். மோராவின் மகன் அதில் செத்தான். 2023 ஜூனில் மோராவையும் கொன்றுவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பிளாட்தான் ஞாபகம் வரும். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் படிக்கட்டில் ஷாபு என்ற போதைப்பொருள் கைமாறியது. ஆறு பேர் சேர்ந்து டார்ச் லைட்டும் பிரம்புமாக ராத்திரி சுற்ற ஆரம்பித்தோம். முதல் மாதம் படிக்கட்டு காலி, ஆண்ட்டிகள் மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் ஒரு பையனைப் பிடித்தோம். பாக்கெட்டில் சின்ன பிளாஸ்டிக் பொட்டலம், கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அங்கிள், அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றான். எங்களில் ஒருவர் அதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். நான் குறுக்கே நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அப்புறம் தெரிந்தது, நாங்கள் எந்த மாடிக்கு எத்தனை மணிக்கு வருகிறோம் என்று விற்கிறவனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருந்ததே அந்தப் பெல்ட்காரர்தான்.

பினாங்கில் மாநில அரசே 2011-இல் தொடங்கிய தன்னார்வ ரோந்துப் படை ஒன்று இருந்தது. அவர்கள் கையில் துப்பாக்கி கிடையாது. அப்படியும் 2014 மெர்டேக்கா (சுதந்திர தின) அணிவகுப்பில் நடந்துபோன கையோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் பிடித்தது, பதிவில்லாத அமைப்பு என்று. அதன் பின்னால் மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் நடந்த அரசியல் சண்டை வேறு கதை. இந்த ஊரில் துப்பாக்கி யோசனையே எடுபடாது.

தாக்குப்பிடித்த ஊர் என்றால் அதே மிச்சோவகானில் செரான். 2011 ஏப்ரலில் மரம் கடத்தும் கும்பலைப் பெண்கள் முன்னின்று மறித்தார்கள். கட்சிகளையும் போலீஸையும் சேர்த்தே வெளியே அனுப்பினார்கள். தெருமுனைக்குத் தெருமுனை நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் பேட்டையிலிருந்து யார் காவலுக்குப் போகலாம் என்று பேசித்தான் ஆளை அனுப்பினார்கள். எவன் குடிப்பான், எவன் கடன்காரன் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாதா?

நாங்கள் ஆள் சேர்த்தது பிளாட்டின் வாட்ஸ்அப் குழுவில். கை தூக்கியவரெல்லாம் உள்ளே.